வகுப்பறைக்குள் வரும் கணினி விளையாட்டும் தங்கவயலின் நினைவும்

1902 ஆம் ஆண்டில் காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே வந்து, கோலார் தங்கவயலின் சுரங்க இயந்திரங்களை இயக்கியது. பெங்களூரு நகரத்துக்கே மின்விளக்கு 1905 இல்தான் வந்தது. அன்றைய ஆசியாவில் வெகுசில இடங்களுக்கே கிட்டிய தொழில்நுட்பம் தங்கவயலுக்கு முன்னதாகவே கிடைத்துவிட்டது. ஆனால் அது கிடைத்தது ஜான் டெய்லர் கம்பெனியின் இயந்திரங்களுக்கு. வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, அந்த இயந்திரங்களோடு மாரடித்த தலித் தொழிலாளர்களின் மூங்கில் தட்டிக் குடிசைகளுக்காக அந்தக் கம்பி இழுக்கப்படவில்லை. தொழில்நுட்பம் ஓர் ஊருக்குள் வந்துவிட்டது என்பதாலேயே அது அந்த ஊர் மக்களிடம் வந்துவிட்டதாகப் பொருளாகாது. தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இதை எவரும் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை.

இன்று அரசுப் பள்ளிகளுக்குள் ஸ்மார்ட் வகுப்பறை வருகிறது; டேப்லெட் வருகிறது; கணக்கையும் ஆங்கிலத்தையும் விளையாட்டாகச் சொல்லித்தரும் செயலிகள் வருகின்றன. தேசியக் கல்விக் கொள்கை 2020 தொழில்நுட்பத்துக்கெனத் தனியே ஒரு தேசிய மன்றத்தையே முன்மொழிந்திருக்கிறது. இதுபற்றி நம் தோழர்களிடையே இரண்டு விதமான பேச்சு இருப்பதைக் காண்கிறோம். ஒன்று, இவை அனைத்தும் கார்ப்பரேட் சூழ்ச்சி, ஆகவே வேண்டாம் என்பது. மற்றொன்று, பணக்காரப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டுமே, ஏன் தடுக்க வேண்டும் என்பது. இரண்டாவது பேச்சில் உள்ள ஏக்கத்தை நாம் எள்ளி ஒதுக்கக் கூடாது. ஆனால் இரண்டுமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

விளையாட்டின் வழியே குழந்தை கற்கும் என்பதில் ஐயமில்லை. குஜராத்தின் வதோதராவில் நடந்ததைப் பார்ப்போம். 2000 ஆம் ஆண்டில் அங்குள்ள மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா 4 கணினிகள் வழங்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தொடக்க வகுப்புக் குழந்தைகள் அவற்றைத் தொட்டதே அரிது. சில பள்ளிகளில் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பின்னர் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் பயிற்றுநர்களை அமர்த்தி, நான்காம் வகுப்புக் குழந்தைகளைக் கணினிக்கு இருவராக உட்காரவைத்து, வாரத்துக்கு 2 மணி நேரம் கணக்கு விளையாட்டுகளை ஆடச் செய்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதனை ஆய்வு செய்து 2007 இல் முடிவை வெளியிட்டனர். குழந்தைகளின் கணக்குத் திறன் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. ஆனால் திட்டம் நின்று ஓராண்டு கழிந்தபோது அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு முறையும் சோதிக்கப்பட்டது. பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அமரவைத்து ஓர் உள்ளூர் இளம்பெண் பாடம் சொல்லித் தந்தார். அதனாலும் கற்றல் உயர்ந்தது. செலவோ கணினியைவிட மிகக் குறைவு. பொருளாதார அறிஞர்கள் இதைச் சிக்கனம் என்று பாராட்டினர். அந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது? அப்பெண்களுக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய் வரைதான் தரப்பட்டது! இயந்திரத்தைவிட மனிதர் மலிவு என்று கண்டுபிடிப்பதற்கு நோபல் பரிசு பெறும் அளவு அறிவு தேவையில்லை; சுரங்கக் கம்பெனிகள் அதை 19 ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தன. எனினும் ஆய்வு காட்டும் உண்மை நமக்கு முக்கியமானது. குழந்தையின் அருகில் அமர்ந்து, அது தடுக்கி நிற்கும் இடத்தை அறிந்து, அங்கிருந்து கைபிடித்து நடத்தும் ஒருவர் வேண்டும்.

குஜராத்திலேயே ஞான்சாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் லீ லிண்டன் என்பவர் மேற்கொண்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகச் சொல்லியது. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தைப் பிடுங்கிக் கணினிக்குக் கொடுத்தபோது குழந்தைகளின் கற்றல் சரிந்தது. வகுப்பு முடிந்தபின் கூடுதலாகக் கணினி தரப்பட்டபோது உயர்ந்தது. மென்பொருள் ஒன்றே, பள்ளிகளும் அதே அமைப்பின் பள்ளிகள்தாம். ஆசிரியருக்குத் துணையா, ஆசிரியருக்குப் பதிலியா என்பதே வேறுபாடு.

நம் கர்நாடகத்திலும் ஓர் அனுபவம் உண்டு. விப்ரோ முதலாளியின் அறக்கட்டளையான அசிம் பிரேம்ஜி பவுண்டேஷன், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கதையும் விளையாட்டுமாகப் பாடக் குறுந்தகடுகளைத் தயாரித்து, கர்நாடகத்தில் தொடங்கிப் பல மாநிலங்களின் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. பணத்துக்குக் குறைவில்லை, தொழில்நுட்ப அறிவுக்கும் குறைவில்லை. 2010 இறுதியில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த அனுராக் பெஹர், கணினியால் கல்வியின் அடிப்படைச் சிக்கல்கள் தீராது, இந்த மோகம் உண்மையான பிரச்சனைகளிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது என்ற பொருளில் ஆங்கில நாளேட்டில் வெளிப்படையாக எழுதினார். மென்பொருள் முதலாளித்துவத்தின் வீட்டுக்குள்ளிருந்தே வந்த ஒப்புதல் வாக்குமூலம் இது. அவரது நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் அதைப் படித்ததாகவே தெரியவில்லை.

2022 இல் ஆந்திரத்தில் அன்றைய ஜெகன் மோகன் ரெட்டி அரசு பெங்களூருவின் பைஜூஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பைஜூஸ் பாடங்கள் ஏற்றப்பட்ட டேப்லெட்கள் சுமார் 5 லட்சம் வழங்கப்பட்டன. அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று பறைசாற்றப்பட்டது. 2024 ஜூலையில் பெங்களூரு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்க அனுமதி அளித்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தனர். தனியார் செயலியை நம்பி ஒரு மாநிலத்தின் பாடத்திட்டத்தை அடகு வைத்தால், அந்த நிறுவனம் மூழ்கும் நாளில் வகுப்பறையும் சேர்ந்தே மூழ்கும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் இழுத்து மூடப்பட்டபோது தங்கவயல் அனுபவித்ததும் இதுதான். நூறாண்டுக்கு மேலாகத் தங்கம் வெளியே போயிற்று. ஊருக்கு மிச்சமானது சயனைடு மண்மேடு. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள்ளேயே வந்து படிகிறது.

சுரங்கம் மூடியபின் தங்கவயல் தன் உழைப்பை ரயிலேற்றிப் பெங்களூருக்கு அனுப்புகிறது. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாக விடியற்காலையில் புறப்படும் வண்டிகளில் காவலாளிகளும், துப்புரவுப் பணியாளர்களும், கடை ஊழியர்களும், தொழிற்சாலை ஒப்பந்தத் தொழிலாளர்களும் நெருக்கியடித்துச் செல்கிறார்கள். வீட்டில் கைபேசி ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது யாரிடம் இருக்கும்? ரயிலில் போகிறவரிடம். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீட்டில் கைபேசியும் இல்லை, பெற்றோரும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு இரண்டும் வந்து சேரும்போது பிள்ளை உறங்கத் தொடங்கியிருக்கும். வீட்டுப்பாடத்தைச் செயலியில் செய்து அனுப்பச் சொல்லும் திட்டத்தைத் தீட்டுகிறவர்கள் இந்த ரயிலின் கால அட்டவணையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

சாதனம் கையில் இருந்தாலும் போதாது. 2024 ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கையின்படி, கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுக்குட்பட்டோரில் பத்தில் எட்டுப் பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. பிள்ளைகளைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கண்ணைப் பறிப்பதற்கென்றே கோடிகளைக் கொட்டி வடிவமைக்கப்பட்ட சந்தையின் முன் பிள்ளையைத் தனியே நிறுத்திவிட்டு, கற்றுக்கொள் என்று சொல்வது நியாயமாகாது. அந்தச் சந்தைக்கும் குழந்தைக்கும் நடுவே நிற்க வேண்டியவர் ஆசிரியர். கர்நாடக அரசுப் பள்ளிகளில் நிரப்பப்படாத இடங்களில் அதிதி ஆசிரியர்கள் என்ற பெயரில் சொற்பத் தொகைக்கு, ஆண்டுதோறும் புதிதாக அமர்த்தப்பட்டு வகுப்பை ஓட்டுகிறார்கள். அவர்களது வேலைக்கே உத்தரவாதம் இல்லை.

இன்னொரு செய்தி, தங்கவயல் தோழர்கள் தம் தாத்தாக்களிடமிருந்து கேட்டிருக்கக்கூடியது. 1930 ஆம் ஆண்டில் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கட்டளையிட்டன. தங்கத் திருட்டைத் தடுக்க வேண்டும், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மீண்டும் நுழையாதபடி பார்க்க வேண்டும் என்பவை கம்பெனிகளின் கவலைகள். சங்கம் என்ற ஒன்று அங்கீகரிக்கப்படாத அந்தக் காலத்தில், தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்காக மட்டுமல்ல, எங்கள் விரலின் ரேகை உங்கள் ஏட்டில் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டும் இந்திய உழைப்பாளிகள் போராடியிருக்கிறார்கள் என்பது நம் வரலாற்றில் போதுமான அளவு பேசப்படாத ஒன்று.

அவர்களது கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு இன்று ஆதாருடன் இணைந்த 12 இலக்க அபார் எண் வழங்கப்படுகிறது. பெற்றோர் விருப்பப்பட்டால் மட்டுமே என்று காகிதத்தில் இருக்கிறது. குழந்தை ஒரு கணக்கு விளையாட்டை ஆடும்போது எத்தனை முறை தவறியது, எந்தக் கேள்வியில் தயங்கியது, எத்தனை மணிக்கு எங்கிருந்து திறந்தது என்பதையெல்லாம் செயலியால் பதிவு செய்ய முடியும். பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்து 2022 இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் தரவுகளை உரிமை மீறும் வகையிலோ மீறக்கூடிய வகையிலோ கையாண்டன. நம் ஒன்றிய அரசின் திக்‌ஷா செயலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023 இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளோ கல்வி நடவடிக்கைகளின் பெயரால் கல்வி நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்குத் தருகின்றன. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த கதைதான்.

அப்படியானால் மாற்று என்ன? கேரளம் ஒரு வழியைக் காட்டியது. 2001 இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் முதலில் மைக்ரோசாஃப்டின் மென்பொருளைத்தான் சார்ந்திருந்தது. ஆசிரியர் இயக்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அதன்பின் பள்ளிகள் படிப்படியாக குனு லினக்ஸுக்கு மாறின. இன்று கைட் என்ற பெயரில் அரசு நிறுவனமாக இயங்கும் அவ்வமைப்பு, தொடக்க வகுப்புகளுக்குக் களிப்பெட்டி, அதாவது விளையாட்டுப் பெட்டி, என்ற பெயரிலேயே கணினிப் பாடநூலை உருவாக்கியது. படம் வரைவது, எண்களை அடுக்குவது, எழுத்துகளைப் பிடிப்பது என ஜிகாம்ப்ரிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் விளையாட்டுகள் அதில் பாடங்களோடு இணைக்கப்பட்டன. பயிற்சி அளிப்பவர்கள் ஆசிரியர்கள். தேர்வு செய்தவர்களும் ஆசிரியர்கள். உரிமக் கட்டணம் எவருக்கும் போகவில்லை. அங்கும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. 2020 ஜூனில் தொலைக்காட்சி வழி வகுப்பு தொடங்கியபோது தொலைக்காட்சி இல்லாத வீடுகள் இருந்தன. வாலிபர் சங்கத் தோழர்கள் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். நூலகங்களில் குழந்தைகளை உட்காரவைத்தார்கள்.

கட்டற்ற மென்பொருளின் சிறப்பு, விலையின்மை மட்டுமன்று. எவரிடமும் அனுமதி கேளாமல் அதைத் தமிழாக்கலாம், கன்னடமாக்கலாம், நம் ஊர்ப் பெயர்களையும் நம் கடைத்தெருக் கணக்கையும் அதில் சேர்க்கலாம். தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக அருகிவரும் தங்கவயலில் இதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் திரையில் ஆங்கிலமும் கேட்கும் பிள்ளைக்கு, மூன்றையும் பகையாக்காமல் பாலம் போடும் விளையாட்டைக் கார்ப்பரேட் நிறுவனம் செய்து தராது. அதில் சந்தை இல்லை.

தங்கவயல் தொழிலாளர்கள் இதற்கு முன்பும் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டவர்கள். அயோத்திதாசருக்குப் பின் நின்றுபோயிருந்த ‘தமிழன்’ ஏடு 1926 இல் மீண்டும் வெளிவந்தது சென்னையிலிருந்து அல்ல, இந்தச் சுரங்க ஊரிலிருந்து. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராக இருந்தார். ஆண்டர்சன்பேட்டையின் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பூமிக்கடியில் உழைத்தவர்களின் ஊரில் அச்சகமும் பதிப்பகமும் தழைத்தன. எழுத்துக் கருவி தம் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள்.

கர்நாடகத்தின் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் எஸ்டிஎம்சி எனப்படும் பள்ளி மேம்பாடு மற்றும் மேற்பார்வைக் குழு இருக்கிறது. பெற்றோர்களே அதன் பெரும்பான்மை. தங்கவயலில் நம் தோழர்கள் பலர் பெற்றோராக அதில் அமர முடியும். அடுத்த முறை பள்ளிக்கு டேப்லெட்டோ செயலியோ வருகிறது என்ற பேச்சு எழும்போது, படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வைக்க வேண்டும். இதற்காக ஆசிரியரின் எந்தப் பாடவேளை எடுக்கப்படுகிறது? காலியிடம் எத்தனை, அது எப்போது நிரம்பும்? செயலியின் உரிமையாளர் யார், ஒப்பந்தத்தின் நகல் எங்கே? பிள்ளையைப் பற்றிய பதிவு எந்தக் கணினியில் போய்ச் சேருகிறது, மறுத்தால் பிள்ளைக்கு என்ன இழப்பு? தமிழில் இருக்கிறதா? பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்? பதில் எழுத்தில் கிடைக்கும்வரை பெற்றோர் யாரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தேவையில்லை. கைநாட்டு வைக்கவும் தேவையில்லை.