வெல்டர் தலையில் விழும் பழி

பெங்களூரு வைட்ஃபீல்டின் தொழிற்பேட்டையிலோ, அதைச் சுற்றியுள்ள ஆய்வகங்களிலோ எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத இரும்பு பைப்லைன் ஒன்று ஜாயின்டில் ஒழுகினால் உடனே வரும் தீர்ப்பு: “வெல்டர் கை சரியில்லை.” முதலாளியும் கான்ட்ராக்டரும் சூப்பர்வைசரும் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் தீர்ப்பு இது. தவறான தீர்ப்பு, அநியாயமானதும்கூட.

கைத்திறன் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆர்க்கின் நீளமும் டார்ச் நகரும் வேகமும் வெல்டர் கையில்தான் இருக்கின்றன. ஆனால் துருப்பிடிக்காத இரும்பைத் துருவிலிருந்து காப்பது அதிலுள்ள குரோமியம். 304 ரகத்தில் அது சுமார் 18 சதவீதம் உண்டு. ஆர்கான் வெல்டிங்கில் டார்ச்சிலிருந்து வரும் வாயு குழாயின் வெளிப்புறத்தை மட்டுமே காக்கும். குழாய்க்குள் காற்று நின்றால், பழுக்கக் காய்ந்த உட்புறத்தில் குரோமியம் ஆக்சைடாக மாறிவிடும். அந்தப் படலத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த உலோகம் மிஞ்சும். அரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. வெளியே வெள்ளிபோல மின்னும் ஜாயின்ட், உள்ளே நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கலாம். எக்ஸ்ரே படம் விரிசலைக் காட்டும், துளையைக் காட்டும். இந்த நிறத்தைக் காட்டாது. “எக்ஸ்ரே பாஸ்” என்பதை முழு நற்சான்றாக நம்புவது அதே மூடநம்பிக்கையின் இன்னொரு முகம்.

இதற்கு மருந்து, குழாய்க்குள்ளும் ஆர்கான் செலுத்திக் காற்றை வெளியேற்றும் பர்ஜிங். உள்ளே மிஞ்சும் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 10 பங்கிலிருந்து 25,000 பங்கு வரை ஏறும்போது நிறம் எப்படி மாறுகிறது என்று அமெரிக்க வெல்டிங் சங்கம் வண்ணப்படமாகவே வெளியிட்டிருக்கிறது. அளக்க மீட்டரும் இருக்கிறது. அதை வாங்கித் தருவது யார் பொறுப்பு? கூலியோ ‘இன்ச் டயா’ கணக்கில், அதாவது முடித்த ஜாயின்டுகளின் விட்டத்தை அங்குலத்தில் கூட்டி. பர்ஜ் முடியும்வரை பொறுமையாகக் காத்திருப்பவருக்கு அந்த நேரத்துக்குக் காசு இல்லை. அவசரப்படுபவருக்கு வருமானம் அதிகம். இந்தக் கணக்கை எழுதியது வெல்டர் அல்ல.

பொருளை வாங்கியதும் அவர் அல்ல. கார்பன் 0.03 சதவீத அளவைத் தாண்டக்கூடாத 304எல் கேட்ட இடத்தில் விலை பார்த்துச் சாதா 304 வந்தால், 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கார்பன் குரோமியத்தைப் பிடித்து உலோக மணிகளின் எல்லையில் கார்பைடாகப் படியவைக்கும். எல்லை ஓரம் குரோமியம் வறண்டுபோகும். எம்.எஸ். எனப்படும் சாதா இரும்பைத் தேய்த்த அதே பிரஷ்ஷையும் கிரைண்டிங் வீலையும் எஸ்.எஸ்.ஸில் போடச் சொன்னால் இரும்புத் துகள் ஒட்டித் துரு கிளம்பும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது தண்ணீர் விஷயத்தில். பெங்களூருக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை இந்தப் பகுதியின் பெரும்பங்கு போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியே இருந்தது. குளோரைடு எவ்வளவு என்று பார்க்காமல் அந்த நீரையே குழாயின் அழுத்தச் சோதனையான ஹைட்ரோ டெஸ்டுக்கு ஏற்றி, வடிக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால், நிறம் மாறிய ஜாயின்டுகளில் குளோரைடும் நுண்ணுயிரிகளும் குழி பறிக்கும். சில மாதங்களில் ஊசித்துளை விழும். அதற்குள் வெல்டர் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார். பழி அவரைத் தேடிப் போகும்.

பர்ஜ் நேரத்துக்குத் தனிக்கூலி டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். ஒழுகும் ஜாயின்டை வெட்டி உட்புறத்தைப் பாருங்கள். பர்ஜ் பதிவேட்டையும் பொருளின் மில் சான்றிதழையும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் மேசையில் வையுங்கள். வெல்டரிடம் விளக்கம் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.