தரிசு என்ற சொல்லும் குறிஞ்சி என்ற பூவும்

மாட்டுங்கா ரயில் நிலையத்தை அடுத்த பூக்கடைகளில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டப்படும் கனகாம்பரத்தை மராத்தியர் ‘அபோலி’ என்பர். மணமற்ற அந்தப் பூவும், நீலகிரி, பழனி, மூணாறு மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியும், போரிவலிக் காட்டில் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் கார்வியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மும்பைத் தமிழர் தலைமுறைகளாகக் குறிஞ்சியின் உறவைக் கூந்தலில் சூடி வருகின்றனர். ஆயினும் குறிஞ்சி அவர்களுக்குப் பாடநூற் பெயராகவே எஞ்சியுள்ளது.

காட்டுப்பூ என்றதும் வசந்தத்தை நினைப்பது கல்விக்கூடம் தந்த பழக்கம். பனி உருகியதும் புல்வெளி பூப்பது குளிர்நாட்டு இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த வேலையைச் செய்வது மழை. இங்கே சித்திரை, வைகாசியில் பூப்பவை பெரும்பாலும் ஆழ வேரோடிய மரங்கள். மும்பைச் சாலையோரச் சரக்கொன்றை அதற்குச் சான்று. மேல்மண் ஈரத்தை நம்பி வாழும் புல்வெளிச் செடிகள் ஆவணி தொடங்கி ஐப்பசி வரை பூக்கின்றன. சாத்தாரா அருகிலுள்ள காஸ் பீடபூமி நிறம் மாறுவதும் அப்போதுதான். தொல்காப்பியம் முல்லைக்குக் காரையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தது. வேனிலைப் பாலைக்கு விட்டது. அது தாவரவியல் நூல் அன்று. எனினும் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் எண்ணிய மரபு அது. ‘வசந்த மலர்’ என்ற தொடரை எந்தப் புல்வெளிக்கும் பொருத்தும் இன்றைய மொழிபெயர்ப்பு அந்த மரபினின்றும் பின்வாங்கியதே ஆகும்.

சொல் பிழைத்தால் நிலமும் பிழைக்காது என்பதற்குக் குறிஞ்சியே எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேற்பட்ட சரிவுகளில், சோலைகளுக்கு இடைப்பட்ட புல்வெளியில் வளரும் புதர் அது. ஒருமுறை பூத்துக் காய்த்ததும் மடிந்துவிடும். அடுத்த தலைமுறை அங்கு விழுந்த விதையிலிருந்தே எழ வேண்டும். எல்லாச் செடிகளும் ஒருசேரக் காய்ப்பதால், தின்னும் உயிரினங்களுக்கு மிஞ்சியும் விதை தங்குகிறது என்பது அறிஞர் கூறும் ஒரு விளக்கம். அந்த மண்ணை இடையில் வேறொன்று மூடிவிட்டால் பன்னிரண்டாண்டுக் காத்திருப்பு வீணாகும்.

மூடியவை மரங்களே. வரி தராத நிலத்தைத் தரிசென்று பதிந்தது காலனிய வருவாய்த்துறை. அக்கண்ணோட்டத்தில் புல்வெளி ‘வெற்றிடம்’ ஆயிற்று. அதில் சீகையும் தைல மரமும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் அந்நடவு தொடர்ந்தது. மரம் நடுதல் எங்கும் நன்மையே என்ற நம்பிக்கை இன்றும் கேள்விக்கு உட்படுவதில்லை. மலைப் புல்வெளி மழைநீரைத் தாங்கி ஓடைகளுக்கு மெல்ல விடுவது. அங்கே மரம் நடுவது காட்டை வளர்ப்பதாகாது, ஒரு வாழிடத்தை அழித்து மற்றொன்றைத் திணிப்பதாகும்.

அந்நிலத்தோடு வாழ்ந்தோர் அதைத் தரிசென்று கருதவில்லை. கார்வித் தண்டுகளை நிறுத்தி, மண்ணும் சாணமும் பூசி வார்லி மக்கள் சுவர் எழுப்பினர். அவர்தம் ஓவியங்கள் எழுந்ததும் அத்தகைய சுவர்களில்தான். பயனை அறிந்தவர் பெயரிட்டனர், அறியாதவர் வகைப்படுத்தினர்.

கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தில் குறிஞ்சிக்கெனச் சரணாலயம் அறிவித்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் வேலியைக் காட்டிலும் சொல்லகராதி தொலைவு செல்லும். நில ஆவணங்களிலும் பாடநூல்களிலும் ‘தரிசு’ என்பதினின்றும் ‘புல்வெளி’ தனி வகையாகப் பிரிக்கப்பட வேண்டும். அதற்கான சொற்களை ஆய்ந்து தரும் பொறுப்பு மொழித்துறைகளுக்கும் உண்டு. தாவரவியலார் மட்டும் சுமக்க வேண்டியதன்று அது.

2018இல் பெருந்திரளாகப் பூத்த குறிஞ்சி மீண்டும் 2030இல் பூக்க வேண்டும். 2024இல் பூத்த போரிவலிக் கார்விக்கு 2032 வரை தவணை. செடிகள் ஆண்டுக் கணக்கில் தவறுவதில்லை. அவை திரும்பும்போது பூப்பதற்கு நிலம் இருக்குமா என்பதே மனிதரிடம் உள்ள கணக்கு.