அனிமே பார்க்க ஆரம்பிக்கணுமா? நருட்டோவைக் கொஞ்சம் தள்ளி வைங்க!

முதல்லயே சொல்லிடறேன். இது நருட்டோ ரசிகர்களைத் திட்டுற பதிவு இல்லை. அவங்ககிட்ட போய் வழி கேட்கிற குடும்பஸ்தர்களைத் திட்டுற பதிவு. :-)

இங்கே மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை நாலு தமிழ்க் குடும்பம் ஒரு வீட்டில் சேர்ந்தால், பிரியாணி ஆறுவதற்குள் யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "பசங்க எந்நேரமும் அனிமே அனிமேங்கறாங்க. நாமளும் கூட உட்கார்ந்து பார்க்கலாம்னு இருக்கோம். எதுல ஆரம்பிக்கறது?" நல்ல கேள்விதான். ஆனால் கேட்பது யாரிடம்? ஷேரிங் ஃபிளாட்டில் இருக்கும் இருபத்திநாலு வயசுத் தம்பியிடம். அவரும் யோசிக்காமல் ஒப்பிப்பார்: நருட்டோ, ஒன் பீஸ், டெத் நோட், அட்டாக் ஆன் டைட்டன். எந்த ஊர்த் தம்பியைக் கேட்டாலும் இதே நாலு. வரிசை மட்டும் மாறும்.

நான் பேங்க்காரன், பி.காம் படிச்சவன். பட்டியலைக் கண்டால் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். நருட்டோ 220 எபிசோடு. அதன் தொடர்ச்சி ஷிப்புடென் 500. ஆக 720. ஒன்று 23 நிமிஷம் என்று வைத்தால் 276 மணி நேரம். வேலை, ஸ்கூல், டியூஷன் போக ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்வது வாரத்துக்கு ஒரு நாள். அன்றைக்கு ரெண்டு எபிசோடு பார்த்தால் 360 வாரம், கிட்டத்தட்ட ஏழு வருஷம். ஆறாம் வகுப்புப் பையன் காலேஜ் போய்விடுவான், நருட்டோ முடிந்திருக்காது. ஒன் பீஸ் 1999-ல் ஆரம்பித்து 1100 எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நான் கணக்கே போடவில்லை. டெத் நோட் 37-தான், ஆனால் பேரை எழுதி ஆளைக் கொல்லும் நோட்டுப் புத்தகத்தை எட்டு வயசுப் பெண்ணுக்கு யார் விளக்குவது? அட்டாக் ஆன் டைட்டனில் முதல் எபிசோடிலேயே பையன் கண் முன்னால் அம்மாவை ராட்சசன் தின்கிறான். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்க ரொம்பத் தோதான சீன்!

இந்தத் தம்பிகளைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக, ராத்திரி ரெண்டு மணிக்கு, ஹெட்போன் மாட்டிப் பார்த்து ரசித்ததைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. நமக்கு?

இன்னொரு கட்சி இருக்கிறது. "பொம்மைப் படமா? அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்று எழுந்து போகும் பெரியவர்கள். இவர்களுக்குத் தெரிந்த அனிமே ஷின்சான் ஒன்றுதான். அந்த வால்பையனைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று 2008-ல் மத்திய அரசு வரை போய் நிறுத்தி வைத்த கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். இவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நேரமும் இல்லை.

என் கட்சி இதுதான். முதல் அனிமேயை ரேட்டிங் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க. உங்க வீட்டில் என்ன வேலை நடந்தது, யார் யாரைப் பிரிந்து எங்கே போனார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்க ஊரின் கதை அப்படி.

எனக்குக் கோலார் தங்கவயல். "ஓ, கேஜிஎஃப்பா! யாஷ் ஊரா!" என்றுதான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2018 டிசம்பருக்கு முன்னால் "அது எங்கே இருக்கு?" என்பார்கள். அதுவே தேவலை என்று இப்போது தோன்றுகிறது. நைனா சாம்பியன் ரீஃபில் குழி இறங்கியவர். தாத்தா அதற்கு முன்னால் வடஆற்காட்டிலிருந்து வந்து இறங்கியவர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் இழுத்து மூடப்பட்டது வரை, அந்தக் குழியில் இறங்கிய கூட்டத்தில் பெரும்பகுதி நம்ம தமிழ் ஜனம். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடம். ஒற்றை அறை லைன் வீடு, நெஞ்சில் சிலிகோசிஸ், நடுராத்திரியில் ராக் பர்ஸ்ட் ஆனால் அலமாரிப் பாத்திரம் குலுங்கும். யார் வீட்டு ஆள் ஷிஃப்டில் இருக்கிறான் என்று தெருவே எழுந்து நிற்கும். அதே ஊரில் யூனியன் இருந்தது, ஷிஃப்ட் நேரம் இருந்தது, பி.எஃப் இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது, வாசகசாலை இருந்தது, கால்பந்து இருந்தது. கஷ்டப்பட்ட ஜனம். ஆனால் பேரும் தொழிலும் திமிரும் உள்ள ஜனம்.

படத்தில் என்ன காட்டினார்கள்? சைனைட் மேட்டில் செட் போட்டு, முகத்தில் கரி பூசிய அடிமைக் கூட்டம், துப்பாக்கிக் காவலாளி, வெளியிலிருந்து வந்து காப்பாற்றும் ஒற்றை ஹீரோ. கற்பனைக் கதைதான், கமர்ஷியல் படம்தான், பின்னணி இசைக்கு என் காலும் தாளம் போட்டது, ஒத்துக்கறேன். ஆனால் படம் பார்த்து முடித்த என் பையன் கேட்டது: "அப்பா, தாத்தாவும் ஸ்லேவா இருந்தாரா?" நைனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

(பா. ரஞ்சித் 2024-ல் 'தங்கலான்' எடுத்தார். அது வேறு கணக்கு. யார் தோண்டியது என்று கேட்ட படம். அதைப் பற்றித் தனியாக எழுதணும்.)

இப்போது சொல்லுங்க. ஒரு பையனுக்குச் சுரங்கம் என்றால் இதுதான் மனசில் பதிந்திருக்கும்போது, மேலும் 720 எபிசோடு "தனியொருவனின் சக்தி" காட்டினால் என்ன ஆகும்? நான் சிபாரிசு செய்வது மியாசாகியின் 'லபுடா'. 1986-ல் வந்தது. ஸ்டூடியோ ஜிப்லி என்ற பேரில் வெளிவந்த முதல் படம். 124 நிமிஷம், ஒரே வெள்ளிக்கிழமையில் முடிந்துவிடும். தொடர் கேட்டால் படத்தைச் சொல்கிறானே என்பீர்கள். தொடர் பின்னால் வருது, பொறுங்க.

வானத்தில் மிதக்கும் கோட்டையைத் தேடும் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோட்டை கிடக்கட்டும், முதல் அரை மணி நேரத்தைப் பாருங்க. ஒரு சுரங்க ஊர். பள்ளத்தாக்கு முழுக்க லைன் வீடுகள், தண்டவாளம், ஷாஃப்ட். பாசு என்ற பையன் சுரங்கத்தில் எடுபிடி. மேஸ்திரி நீராவிக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போது கீழேயிருந்து மணி அடிக்கிறது, கேஜை மேலே தூக்கணும். "நீயே இழு" என்று வைண்டிங் இன்ஜினைப் பையன் கையில் கொடுக்கிறார். அவன் பயந்து வேர்த்து பிரேக் போடுகிறான். மேலே வருகிற ஆட்கள் முகம் வாடியிருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை, சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். அந்த முகத்தை நாங்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தினமும் பார்த்தோம் சார்.

இது தற்செயல் இல்லை. பிரிட்டனில் 1984-85-ல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்தை ஒட்டி மியாசாகி வேல்ஸ் பக்கம் போய்வந்தவர். வேலையையும் ஊரையும் காப்பாற்றக் கடைசி வரை போராடிய அந்தச் சங்கத்துக்காரர்கள் மேல் தனக்கு இருந்த மதிப்பைப் பிற்பாடு பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். எங்க ஊர்க் குழியை ஆரம்பத்தில் அமைத்ததும் பிரிட்டிஷ்காரக் கம்பெனி, கார்ன்வால் சுரங்க ஆட்களைக் கொண்டு. அதனால்தான் படத்தில் வரும் ஹெட்கியர் ஊரிகாமில் பார்த்த மாதிரியே இருக்கிறது. ஆகாயக் கொள்ளைக்காரர்கள் பிள்ளைகளைத் துரத்தும்போது ஊரே தடுக்க நிற்கிறது பாருங்க, மேஸ்திரி சட்டை கிழியக் கிழிய, அந்தச் சம்சாரம் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட... லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

போன குளிர்காலத்தில் நைனா மூணு மாச விசாவில் வந்திருந்தார். பேரனோடு உட்காரவைத்துப் போட்டோம். அந்த இன்ஜின் சீன் வந்ததும் முன்னால் நகர்ந்தார். "நிறுத்து, நிறுத்து. மணி எத்தினி அடிச்சான்? எண்ணினியா நீ?" என்று பேரனைக் கேட்டார். அவன் ரிமோட்டை எடுத்துப் பின்னால் போட்டு எண்ணினான். பிறகு ஒரு மணி நேரம் படம் ஓடவில்லை. மணியில் என்ன சொல்வார்கள், கேஜில் எத்தனை பேர், கீழே இறங்கும்போது காது எப்படி அடைக்கும், இன்ஜின் டிரைவர் தப்புப் பண்ணினால் என்ன ஆகும் என்று அவர் பேச, பையன் வாயைப் பிளந்து கேட்டான். என்னிடமே சொல்லாததெல்லாம் சொன்னார். படத்தில் பாறை முனகுது என்று சொல்லும் கிழவர் ஒருத்தர் வருவார், அவரைக் காட்டி "இந்தாளு நெசமாவே எறங்குன ஆளுடா" என்று சர்டிபிகேட் வேறு.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. ஜப்பானுக்கும் எங்க குழிக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1965-ல் சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். டாடா ஆராய்ச்சி நிலையம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், மூணும் சேர்ந்து செய்தது. ஆக, நியூட்ரினோ தேடி ஜப்பான்காரர் குழி இறங்கினார், நம்ம ஆளுங்க கேஜ் இழுத்தாங்க. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்க, கூகிளிலும் இருக்கிறது.

சரி, தொடர். 'தாயைத் தேடி மூவாயிரம் லீக்' என்று பேர் வரும், நம்ம ஆட்கள் மார்க்கோ என்று தேடினால் போதும். 1976, இயக்கம் தகஹாடா, காட்சி அமைப்பில் மியாசாகி. 52 எபிசோடு, வாரம் ரெண்டு வீதம் அரை வருஷம். இத்தாலி ஜெனோவாவில் ஒரு குடும்பம். ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக் நடத்தி அப்பா கடனில் மாட்டுகிறார். அம்மா கப்பல் ஏறி அர்ஜென்டினாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். கொஞ்ச நாளில் கடிதம் நின்றுபோகிறது. ஒன்பது வயசு மார்க்கோ தேடிக் கிளம்புகிறான். அவள் அனுப்பும் பணமும் கடிதமும் நடுவில் ஒரு உறவுக்காரர் கை வழியே போகின்றன, சிக்கல் அங்கேதான். ரெமிட்டன்ஸ் கவுண்டர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிட நிஜமான வில்லனை நான் எந்த அனிமேயிலும் பார்த்ததில்லை. ராட்சசன் இல்லை, சாபம் இல்லை. நடுவில் நிற்கும் சொந்தக்காரன்.

இந்த மஸ்கட்டில் எத்தனை வீட்டில் வீட்டு வேலைக்கு வந்த ஆந்திரா, தமிழ்நாடு, இலங்கை அம்மாக்கள் இருக்கிறார்கள்! நம்ம பிள்ளைகள் அவர்களை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுத் தண்ணீர் கேட்கிறார்கள். அந்த ஆன்ட்டிக்கும் ஊரில் ஒரு மார்க்கோ இருப்பான் என்று நான் வாயால் சொன்னால் பிரசங்கம். பத்தாவது எபிசோடில் என் பெண் தானே கேட்டாள்.

"ரொம்ப ஸ்லோ" என்பார்கள். ஆமாம், ஸ்லோதான். காத்திருப்பதைப் பற்றிய கதை வேறு எப்படி ஓடும்? "தமிழில் டப்பிங் இல்லையே" என்பது அடுத்தது. இதில்தான் பெரிய பொறி இருக்கிறது. தமிழில் டப் ஆகி வருவதில் பெரும்பங்கு சண்டைதான். நருட்டோ வந்தது, சோலோ லெவலிங் வந்தது, 2025-ல் டீமன் ஸ்லேயர் தியேட்டருக்கே தமிழில் வந்தது. 2025 ஜனவரியில் தமிழோடு தியேட்டருக்கு வந்த யூகோ சாகோவின் ராமாயணம் மாதிரி விதிவிலக்குகள் சொற்பம். தமிழில் கிடைப்பதை மட்டும் பார்ப்பேன் என்றால் உங்களுக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஜப்பானிய ஒலியைப் போடுங்க, கீழே ஓடும் ஆங்கிலத்தை வீட்டில் ஒருத்தர் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாங்க. ஊமைப்பட காலத்தில் நம்மூரில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார்கள், ஜப்பானிலும் அதற்கென்றே ஆள் இருந்தார். எங்க வீட்டில் அம்மணி சொல்வார், கேஜிஎஃப் தமிழில். "இன்னாடா மார்க்கோ, எங்கடா போற?" என்று அவர் கேட்டால் படத்தைவிட அது சுவாரசியம்.

(சுசுமு ஓனோ, தமிழ்-ஜப்பான் மொழி உறவு என்று பின்னூட்டத்தில் ஆரம்பிக்கப் போகும் அண்ணாச்சிகளுக்கு: இன்னொரு நாள், ப்ளீஸ்.)

நருட்டோ? பிள்ளைகளே தேடிப் பார்த்துக்கொள்வார்கள், அதற்கு நீங்க தேவையில்லை. நீங்க கூட உட்காரப்போவது ஒரு படம், ஒரு தொடர். அதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடும்.

பி.கு. 1: லபுடாவில் கோட்டைக்குள் ரோபோ எழுந்து எல்லாவற்றையும் எரிக்கும் காட்சி ஒன்று உண்டு. ஆறு வயசுக்குக் கீழே இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளவும்.

பி.கு. 2: மார்க்கோ முதல் எபிசோடிலேயே அம்மா கப்பல் ஏறிவிடுவாள். லீவு முடிந்து வீட்டில் யாராவது ஃபிளைட் ஏறப்போகிற வாரத்தில் மட்டும் அதைப் போடாதீங்க. அடுத்த வாரம் ஆரம்பிச்சா போதும்.