கணக்கில் குறைந்த புகை

அமெரிக்காவிலுள்ள காலிபோர்னியா சர்வகலாசாலையின் நிர்வாகிகள் 2013-ம் வருஷத்தில் ஒரு பிரதிக்ஞை செய்தார்கள். பத்து வளாகங்களைக் கொண்ட அந்தப் பெரிய ஸ்தாபனம், தன் கட்டிடங்களாலும் வாகனங்களாலும் ஆகாயத்தில் கலக்கும் கரியமில வாயுவை 2025-க்குள் நிகரக் கணக்கில் பூஜ்யமாக்கிவிடும் என்பதே அது. 2023-ல் அதே சர்வகலாசாலை அந்த நோக்கத்தைக் கைவிட்டது. 2019-ம் வருஷத்து அளவில் 100-க்கு 90 பங்கையேனும் 2045-க்குள் நேரடியாகக் குறைப்பதென்று புதிய விதி வகுத்தது. கெடு இருபது வருஷம் தள்ளிப் போயிற்றே, இது பின்வாங்குதல்தானே என்று சிலர் கேட்கக்கூடும். நம் அபிப்பிராயம் வேறு. பழைய பிரதிக்ஞைக்குள் ஒரு பொய்க்கணக்கு புகுவதற்கு வழி இருந்தது. புதிய விதி அந்த வழியை அடைத்திருக்கிறது. ஆயினும் இது போதுமா என்பது விசாரிக்கத் தக்கது.

பெரிய சர்வகலாசாலை ஒவ்வொன்றும் ஒரு நகரம். இரவும் பகலும் இயங்கும் ஆராய்ச்சிசாலைகள், ஆஸ்பத்திரிகள், புத்தகசாலைகள், மாணவர் விடுதிகள் ஆகிய அனைத்துக்கும் வெளிச்சம் வேண்டும். வெப்பமும் குளிர்ச்சியும் வேண்டும். பெர்க்லி வளாகத்தில் 1987-ல் இதற்காக ஓர் ஆலை நிறுவப்பட்டது. இயற்கை வாயுவை எரித்து மின்சாரம் உண்டாக்குவதும், அப்போது மிஞ்சும் உஷ்ணத்தால் நீராவி உண்டாக்கி நிலத்தடிக் குழாய்களின் வழியே கட்டிடங்களுக்கு அனுப்புவதும் அதன் வேலை. அதே வருஷத்தில், அதே ராஜ்யத்தில், தனியார் ஸ்தாபனமான ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிலும் அத்தகைய ஆலை எழுந்தது. மின்சாரத்தைத் தனியாகவும் நீராவியைத் தனியாகவும் உண்டாக்குவதைவிட அதில் எரிபொருள் குறைவாகவே செலவாயிற்று. ஆகையால் அதை நிறுவியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் கிடைக்கும் மின்சாரம் பெருகி வரும் காலத்தில், சிக்கனமென்று கட்டியதே பெரும் பாரமாகிவிட்டது.

இந்தப் பாரத்தை இறக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கொதிகலத்தையும் குழாயையும் மாற்றுவது ஒன்று. மற்றொன்று, கொதிகலம் எரிந்துகொண்டிருக்க, எங்கோ ஒரு தேசத்தில் காட்டைக் காத்ததற்கோ வேறோர் உபகாரத்துக்கோ பணம் கொடுத்துப் பரிகாரப் பத்திரம் வாங்கி, தன் புகையை ஏட்டில் கழித்துக்கொள்வது. இரண்டாவது வழி எளிது, செலவும் குறைவு. ஆனால், வெட்டும் எண்ணமே இல்லாத காட்டைக் காத்ததாகச் சொல்லிப் பத்திரம் விற்றால் ஆகாயத்துக்கு என்ன லாபம்? இத்தகைய பத்திரங்களில் பல தாம் சொல்லும் அளவுக்குப் புகையைக் குறைப்பதில்லை என்று பெர்க்லியின் ஆராய்ச்சியாளர்களே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சிசாலையில் கண்ட உண்மையை ஸ்தாபனத்தின் காரியாலயம் அலட்சியம் செய்வது எவ்வளவு காலம் நடக்கும்?

முதல் வழியில் சென்றது ஸ்டான்போர்டு. அங்குள்ள இஞ்ஜினீயர்கள் வருஷம் முழுவதுக்கும் மணிக்கு மணி கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், சில கட்டிடங்களைக் குளிர்விப்பதற்காக உஷ்ணத்தை எடுத்து ஆகாயத்தில் விரயம் செய்துகொண்டும், வேறு கட்டிடங்களுக்கு உஷ்ணம் வேண்டி வாயுவை எரித்துக்கொண்டும் இருந்தது வெளியாயிற்று. ஒரு கையால் கொட்டியதையே மறு கையால் விலைக்கு வாங்கி வந்தார்கள்! குளிர்விக்கும்போது எடுத்த உஷ்ணத்தைக் கொண்டே வெந்நீர் உண்டாக்கும் யந்திரங்கள் நிறுவப்பட்டன. வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் சேமித்துவைக்கப் பெருந்தொட்டிகள் கட்டப்பட்டன. நீராவிக் குழாய்களுக்குப் பதிலாகச் சுமார் 20 மைல் நீளத்துக்கு வெந்நீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டு, 155 கட்டிடங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. 2015-ல் பழைய ஆலை மூடப்பட்டது. சூரிய மின்சார ஏற்பாட்டையும் சேர்த்து, கரியமில வாயுவில் 100-க்கு 68 பங்கு குறையுமென்று மதிப்பிட்டார்கள். தண்ணீர்ச் செலவும் குறைந்தது.

ஸ்டான்போர்டிலும் குறையில்லாமல் இல்லை. 2022 முதல் அதன் வருஷாந்தர மின்சாரச் செலவுக்கு ஈடான மின்சாரத்தைச் சூரிய சக்தி நிலையங்கள் தருகின்றன. ஆனால் சூரியன் மறைந்த பின் வேண்டிய மின்சாரம் பொதுக் கம்பிகளிலிருந்தே வர வேண்டும். அதில் வாயுவை எரித்து உண்டாக்கியதும் கலந்திருக்கும். எனினும் அங்கே ஓர் ஆலை மெய்யாகவே அணைந்தது. பொது மின்சாரம் சுத்தமாக ஆக, கலாசாலையும் தானே சுத்தமாகும். வாயுவை எரிக்கும் ஆலைக்கு இந்த நற்கதி கிடையாது.

செலவைப் பற்றிய ஆட்சேபம் அற்பமானதன்று. ஸ்டான்போர்டின் வேலைக்கு 48 கோடி டாலருக்கு மேல் பிடித்தது. செல்வம் மிகுந்த தனியார் ஸ்தாபனம் செய்ததை, ராஜ்யத்தின் வரிப்பணத்தையும் மாணவர் சம்பளத்தையும் நம்பியுள்ள பத்து வளாகங்கள் உடனே செய்துவிட முடியாது. காட்டுத்தீக்கு அஞ்சிப் பொது மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் சொந்த ஆலை கைகொடுக்கிறது என்பதும் மெய். ஆனால் பழைய ஆலைகள் என்றைக்கும் உழைக்கப் போவதில்லை. இன்றோ நாளையோ அவற்றைப் புதுப்பித்தே தீர வேண்டும். அப்போது மறுபடியும் வாயு ஆலையே வைத்தால் இன்னும் முப்பது வருஷத்துப் புகைக்குச் சாஸனம் எழுதிக் கொடுத்ததாகும். ஆதலால் செலவு செய்வதா, வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. எதில் செய்வது என்பதே கேள்வி.

இதை முதலில் உணர்ந்தவர்கள் அங்குள்ள ஆசிரியர்கள். வளாகங்களில் எரிக்கும் வாயுவை 2030-க்குள் 100-க்கு 60 பங்கும், 2035-க்குள் 95 பங்கும் குறைக்கப் பணம் ஒதுக்க வேண்டுமென்று அவர்களுடைய சபை 2022-ல் விண்ணப்பம் செய்துகொண்டது. நிர்வாகிகளின் 2045-க்கும் ஆசிரியர்களின் 2035-க்கும் இடையே பத்து வருஷம் இருக்கிறது. அந்தப் பத்து வருஷத்தில் எரியும் வாயு திரும்ப வரப்போவதில்லை. கரியமில வாயு ஒரு ராஜ்யத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்பதுமில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுவே. தூரத்துக் கெடுவை மட்டும் பார்த்து எந்த ஸ்தாபனத்தையும் மெச்சலாகாது. கட்டிடந்தோறும் மீட்டர் வைத்து, எவ்வளவு எரிந்தது, எவ்வளவு குறைந்தது என்று வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிடட்டும். பத்திரத்தால் கழித்ததை ஒரு பத்தியிலும், அடுப்பை அணைத்ததால் குறைந்ததை வேறொரு பத்தியிலும் காட்டட்டும். பத்திரத்துக்குப் போகும் பணம் குழாய்க்குப் போகட்டும். உஷ்ணத்தின் சாஸ்திரத்தை உலகுக்குப் போதிக்கும் கலாசாலைகளிடம் இவ்வளவு கேட்பது அதிகமன்று.