உப்பளத்தில் கற்ற பாடம்

சென்ற மாதம் நாம் மரக்காணம் உப்பளங்களைப் பார்க்கப் போயிருந்தோம். பாத்தியில் உப்புநீரைப் பாய்ச்சி மடையை அடைத்துக் கொண்டிருந்த அளத்துக்காரரிடம், "எவ்வளவு நீர் விடவேண்டும் என்று அளந்து பார்ப்பதில்லையா?" என்று கேட்டோம்.

"கைக்கே தெரியும், ஐயா! உப்பு பூக்கிறபோது ஒரு பார்வை பார்ப்போம். நிமிஷத்துக்கு ஒருதரம் மடையைத் திறந்து மூடினால் உப்பு விளையுமா?" என்றார்.

அவருடைய சிறு பையன் நம்மிடம் ஏதோ சொல்ல வந்தான். "உ... உ..." என்று திணறினான். "ஒழுங்காப் பேசுடா!" என்று தகப்பனார் அதட்டவே, வாயை மூடிக் கொண்டான்.

அந்த அதட்டல் நியாயந்தானா?

நெஞ்சு, மிடறு, நா, இதழ் முதலிய எட்டு இடங்களில் எழுத்தொலி பிறப்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டினார். அவற்றை மூளை எவ்விதம் ஏவுகிறது என்பதை அறிய, பாஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிராங்க் குந்தர் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பேசும் மூளையை அமைத்து, 1994-ல் விவரம் வெளியிட்டார். 'டைவா' என்பது அதன் பெயர்.

இந்த மூளை தொட்டில் குழந்தையைப் போல் முதலில் மழலை உளறியது. நாவை எப்படி அசைத்தால் என்ன ஓசை வரும் என்று கற்றது. பிறகு, கேட்ட சொல்லைச் சொல்லிப் பார்த்து, காது காட்டிய பிழையைத் திருத்திக் கொண்டது. நன்றாகப் பழகியதும், காதுக்குக் காத்திராமல் முன்கூட்டியே கட்டளை அனுப்பிப் பேசிற்று.

காதையே நம்பிப் பேசினால் என்ன ஆகும்? நம் குரலே ஐந்திலொரு பங்கு விநாடி தாமதித்து நம் காதில் விழுந்தால், சரளமாகப் பேசுகிறவரும் திக்குவார். 1950-ல் பெர்னார்ட் லீ இதைக் கண்டறிந்தார். 2010-ல் குந்தரும் சகாக்களும் கம்ப்யூட்டர் மூளையைக் காதின் திருத்தத்தையே மிகுதியாக நம்பும்படி மாற்றினார்கள். அது சொல்லின் தொடக்கத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிற்று!

இதுவே முடிவான தீர்ப்பு அல்ல; திக்குவாய்க்குப் பரம்பரையும் ஒரு காரணம். ஆனால் அது சோம்பலோ பிடிவாதமோ அல்ல என்பது நிச்சயம். ஓயாமல் மடையைத் திறந்து மூடும் நாவை அதட்டுவதால் என்ன பயன்? குழந்தை சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதும், பேச்சுப் பயிற்சி அளிப்பவரிடம் அழைத்துச் செல்வதுமே பெற்றோர் செய்யத்தக்கவை.

அளத்துக்காரரிடம் இதைச் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. நாம் புறப்படுகையில் பையன் மறுபடி வந்தான். "உ... உ..." தகப்பனார் வாயெடுத்தார், அடக்கிக் கொண்டார்.

"உப்பு கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போங்க!" என்றான் பையன்.