ஸ்டால் போட்டால் கப்பல் ஏறுமா?

பாவூர்சத்திரம், சுரண்டை, புளியங்குடி என்று எங்கே உழவர் உற்பத்தியாளர் கூட்டம் நடந்தாலும், மேடையில் ஒருவர் தவறாமல் சொல்வார்: "இயற்கை விளைச்சலுக்கு வெளிநாட்டுல ஏங்கிக் கிடக்காங்க. எக்ஸ்போவுல ஒரு ஸ்டால் போடுங்க, ஆர்டர் தன்னால வரும்." கைதட்டல் விழும். ஸ்டாலுக்கு மானியம் உண்டு என்றால் இன்னும் பலமாக விழும். நானும் தட்டியவன்தான். இப்போது தட்டுவதில்லை.

முதலில், 'நம்ம சரக்கு இயற்கைதானே' என்கிற தைரியம். பத்து வருஷமாக யூரியா மூட்டையைத் தொடாதவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர்கள் தோட்டத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜெர்மனியில் இருந்துகொண்டு வாங்குகிறவருக்குத் தோட்டம் தெரியாது, காகிதம்தான் தெரியும். நியூரம்பர்க் நகரத்தில் நடக்கும் பயோஃபாக் கண்காட்சியில் உணவுப்பொருளைக் காட்சிக்கு வைக்கவே அங்ககச் சான்று கேட்பார்கள். இங்கே விவசாயிகளே ஒருவரை ஒருவர் சரிபார்த்துக் குறைந்த செலவில் பெறும் பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டு விற்பனைக்கு மட்டும். ஏற்றுமதிக்கு மத்திய அரசின் அபீடா நடத்தும் என்.பி.ஓ.பி. முறைச் சான்று வேண்டும். எலுமிச்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு அதில் மாறுதல் காலமே மூன்று வருஷம். அமெரிக்காவுக்கு இதுவும் செல்லாது. 2021இல் அந்த நாடு நம் சான்றுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அவர்கள் முறைப்படி தனியாக ஒன்று எடுக்க வேண்டும்.

அடுத்து அந்த 'ஆர்டர்'. ஸ்டாலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். வருகிறவர் முருங்கை இலைப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்க்கிறார், முகர்கிறார், தலையாட்டுகிறார். பிறகு மூன்று கேள்வி. லாட் நம்பர் உண்டா? சால்மோனெல்லா பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? மாதம் எத்தனை டன்? நம்மவர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்கு மட்டும் பதில் சொல்கிறார்: "எவ்வளவு வேணும்னாலும் தரலாம் சார்." வந்தவர் சிரித்தபடி விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்கிறார். ஒரு கிலோ பொடிக்கு ஏறக்குறைய எட்டிலிருந்து பத்துக் கிலோ பச்சை இலை வேண்டும் என்பது அவருக்கும் தெரியுமே! கண்காட்சி முடிந்து ஊர் திரும்பும்போது பையில் ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டு மட்டும் இருக்கும்.

அந்தப் பரிசோதனைக் கேள்வியைக் குசும்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பரவிய சால்மோனெல்லா தொற்றுக்கு, இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைப் பொடி காரணம் என்று 2025 அக்டோபரில் கண்டறியப்பட்டது. 2020இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஐரோப்பாவில் பிடித்தார்கள். கிருமியைக் கொல்ல அடித்த வாயு அது. அங்கக எள்ளும் அதில் மாட்டியது. விதைத்தவர் ஒன்றும் அடிக்கவில்லை. அடித்த இடம் வேறு.

'இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக' என்பதும் அழகான பேச்சுத்தான். இரண்டு ஏக்கர்காரர் தனியாகச் சான்றுச் செலவைத் தாங்க முடியாது. அதனால்தான் 25 முதல் 500 பேர் வரை சேர்ந்து குழுவாக எடுக்கும் முறை வந்தது. பல இடங்களில் அந்தக் குழுவை நடத்தியது வாங்குகிற கம்பெனியேதான். சான்று யார் கையில் இருக்கிறதோ அவர் வழியாகத்தான் 'ஆர்கானிக்' என்று விற்க முடியும். வெளியே கொண்டுபோனால் அதே எள் வெறும் எள். குழு சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்று 2025இல் விதியை மாற்றினார்கள். கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, சான்று யார் பெயரில் என்பது. நாமோ ஸ்டால் வாடகையைப் பற்றித்தான் கேட்கிறோம்.

கண்காட்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. முதல் வருஷம் ஸ்டால் போடாமல், ஒரு நோட்டும் பேனாவுமாகச் சும்மா போய் வரலாம். எந்த நாட்டுக்காரர் என்ன கேட்கிறார், எந்த ஈரப்பதம், எந்த மூட்டை என்று எழுதி வந்தால், அது மானியத்தைவிடப் பெரிய லாபம்.

கடைசியாக, 'வெளிநாடு போனால்தான் காசு'. புளியங்குடி எலுமிச்சையையே பாருங்கள். காம்போடு இருந்தால்தான் பழம் வாடாமல் இருக்கும் என்பது நம் கணக்கு. ஐரோப்பாவுக்குக் காம்பும் இலையும் இல்லாமல் போக வேண்டும். சொறி நோய் பற்றித் தனி உறுதி வேண்டும். நம் எலுமிச்சைக்கோ சொறி புதிதல்ல. இத்தனையும் தாண்டித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மறுபக்கம் செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை, அதற்கப்பால் கேரளா. தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் இருக்கிறது என்று 2015இல் பெரிய சத்தம் போட்ட ஊர் அது. மருந்தில்லாத காய்க்கு இதைவிடப் பக்கத்தில் ஆள் எங்கே? அங்கே விற்க பி.ஜி.எஸ். சான்றே போதும்.

ஆனால் விடியற்காலையில் புளியரை வழியாகப் போகும் லாரிகளில், மருந்தடித்த பழமும் அடிக்காத பழமும் ஒரே மூட்டையில், ஒரே விலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றன.