ஒழுகும் ரேடியேட்டர்: அடைப்பதா, மாற்றுவதா?



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் புனேவுக்கும் சூரத்துக்கும் வந்த நம் குடும்பங்களில் சிலவற்றுக்குப் பழைய லாரி ஒன்றோ, டாட்டா 407 ஒன்றோதான் சோறு போடுகிறது. அந்த வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வண்டியின் மாதத் தவணை ஆகிய மூன்றும் ஒருசேர நின்றுவிடும். ஆகவே இம்மாதம், பழைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் ரேடியேட்டர் ஒழுக்கைப் பற்றிச் சிந்திப்போம்.

எனக்கு அறிமுகமான சகோதரர் ஒருவர் பிவண்டியிலிருந்து புனேவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். அவருடைய வண்டியின் ரேடியேட்டரில் சிறு கசிவு ஏற்பட்டது. காலையில் ஒரு குடம், மதியம் ஒரு குடம் என்று தண்ணீர் ஊற்றி ஓட்டினார். கசிவு அதிகமானபோது, யாரோ சொன்னபடி மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினார். சில வாரங்கள் ஒழுக்கு நின்றது. பின்பு ஒரு கோடை நாளில், முழுப் பாரத்தோடு கோபோலியைக் கடந்து போர் காட் மலையேற்றத்தில் சென்றபோது வெப்ப முள் மேலே ஏறியது. பிறகு தானாகவே இறங்கியது. ஆபத்து நீங்கியது என்று எண்ணி மேலும் ஓட்டினார். சற்று நேரத்தில் நீராவி கிளம்பியது. பதற்றத்தில் மூடியைத் திறந்தார். முகமும் முழங்கைவரை வலது கையும் வெந்துபோயின. என்ஜினின் ஹெட் கேஸ்கட்டும் போயிற்று. ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை, மூன்று வாரப் பிழைப்பைத் தின்றது.

அவர் எங்கே தவறினார் என்பதைக் கவனியுங்கள். வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் முள் உண்மையைச் சொல்லும். நீர்மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால், என்ஜின் கொதிக்கும்போதே முள் இறங்கக் கூடும். ஏறிய முள் காரணமின்றி இறங்குமானால் அதை நல்ல செய்தி என்று எண்ணாதீர்கள். உடனே வண்டியை ஓரங்கட்டுங்கள்.

மூடியைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். சாதாரணமாக நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. 0.5 பார் அழுத்தம் தேங்கினாலே, நீர் ஏறக்குறைய 111 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் நீங்கி, நீர் ஆவியாகப் பீறிட்டு அடிக்கும். ஆகவே என்ஜினை நிறுத்தி, மேல் ஹோஸ் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

ஒழுக்கு என்றதும் ரேடியேட்டரையே குற்றப்படுத்தாதீர்கள். ஹோஸ், அதன் கிளிப், வடிகுழாயின் திருகு, மூடியின் ரப்பர், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றை முதலில் பாருங்கள். காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கறை, கசிந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் நீர் குறைகிறது என்றால் ஆயிலைப் பாருங்கள். அது பால் கலந்த தேநீர்போல் மாறியிருந்தால் நீர் என்ஜினுக்குள் கசிகிறது. அது வேறு வியாதி. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். அடைப்பதா, மாற்றுவதா?

பழைய லாரிகளின் ரேடியேட்டரில் பெரும்பாலும் பித்தளைக் குழாய்களும் செம்புத் தகடுகளும் ஈயப்பற்றினால் இணைக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பழுதுபார்க்க முடியும். மேல் தொட்டியோ கீழ்த் தொட்டியோ இணையும் ஓரத்தில் கசிந்தாலும், ஓரிரு குழாய்களில் மட்டும் ஓட்டை இருந்தாலும், பற்றவைத்தால் போதும். உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தால், தொட்டியைக் கழற்றி ஒவ்வொரு குழாயிலும் கம்பி செலுத்திச் சுத்தம் செய்வார்கள். ஆனால் பல இடங்களில் கசிவு இருந்தாலோ, தகடுகள் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தாலோ, மீண்டும் மீண்டும் பற்றவைப்பது வீண் செலவு. தொட்டிகள் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள கோரை மட்டும் புதிதாக மாற்றலாம். அலுமினிய கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட ரேடியேட்டரில் தொட்டி வெடித்துவிட்டால், பசை தடவி ஓட்டுவதைவிட மாற்றுவதே நலம்.

மஞ்சள் தூளும், கடையில் விற்கும் அடைப்பு மருந்தும் வழியில் அகப்பட்டுக்கொண்டவன் வீடு வந்து சேர மட்டுமே உதவும். ஓட்டையை அடைக்கும் அதே தூள், நல்ல குழாய்களையும் அடைக்கும். சமவெளியில் இது தெரியாது, மலையேற்றத்தில் தெரியவரும்.

கடைக்காரரிடம் மூன்று காரியங்களைக் கேளுங்கள். முதலாவது, பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, தொட்டி நீரில் அமிழ்த்தி, காற்றடித்து உங்கள் கண்முன் காட்டவேண்டும். குமிழி வரும் இடமே ஓட்டை. இரண்டாவது, ரேடியேட்டர் அமரும் ரப்பர் புஷ்களைப் பார்க்கவேண்டும். அவை தேய்ந்திருந்தால் அதிர்வினால் புதுப்பற்றும் விட்டுப்போகும். மூன்றாவது, பழைய ஹோஸ்களையும் மூடியையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் இணங்காதீர்கள். பழுதாயிருந்தால் புதியதைப் போடுங்கள்.

திரும்பப் பொருத்தியபின் மெதுவாக நீரை நிரப்புங்கள். குளிர்ந்த என்ஜினை மூடியில்லாமல் ஓடவிட்டு, குமிழிகள் அடங்கி மேல் ஹோஸ் சூடாகும்வரை நிரப்பியபின் மூடுங்கள். போர்வெல் நீரை ஊற்றவேண்டாம். அதன் உப்பே குழாய்களை அடைக்கிறது. கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சமபங்காகக் கலந்து ஊற்றினால் துருப்பிடிக்காது, கொதிநிலையும் உயரும். ஆனால் கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம். வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துகிறவர்கள் பிள்ளைகளின் நிமித்தம் இதில் விசேஷ கவனம் செலுத்தவேண்டும்.

அந்தச் சகோதரர் இப்போது மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். கையிலுள்ள தழும்பைக் காட்டி, “ஒரு நாள் கூலியை மிச்சம்பிடிக்கப் பார்த்தேன்” என்கிறார். சகோதரிகளே, வண்டி புறப்படும் ஒவ்வொரு காலையும் உங்கள் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்?” நேற்றையதைவிட அதிகம் என்று பதில் வருமானால், முதலில் ரேடியேட்டர் கடைக்கு அனுப்புங்கள், பாரம் நாளைக்கு ஏற்றலாம்.